துணைப்பாத்திரம்

சுப்பர் ஹீரோ கொமிக்ஸ் வாசிப்பவர்கள் சுப்பர்மேன் கதையின் லோயிஸ் லேனையும் ஸ்பைடர்மேன் கதையின் குவென் ஸ்டேசியையும் பேட்மேன் கதையின் பார்பரா கோர்டனையும் ஒப்பிடும்போது ஒருவர் ‘ஹீரோயின்’ என்பார், ஒருவர் ‘சைட் கேரக்டர்’ என்பார், இன்னொருவர் ‘சைட்கிக்’ என்பார். மூன்றும் ஒன்றல்ல. இந்த மூவருக்கும் பொருந்துவது துணைப்பாத்திரம். ஆங்கிலத்தில் சப்போர்ட்டிங் கேரக்டர்.

‘சப்போர்ட்’ இலத்தீனிலிருந்து வந்தது, கீழே நின்று சுமப்பது என்று பொருள். ‘பாத்திரம்’ வடசொல். குடிக்கும் கலத்தைக் குறித்த அதே சொல் நாடகத்தில் வேடம் ஏற்பவரையும் குறித்தது. ‘துணை’ நம்முடைய சொல். குறளில் ‘தினைத்துணை’ என்றால் தினையளவு. ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்ற அதிகாரத்திலோ மனைவி. குழப்பம் பிறப்பது இந்த இரண்டாவது பொருளில்தான். துணை என்றதும் மனசு துணைவிக்குப் போய்விடுகிறது, நாயகனின் காதலி மட்டுமே துணைப்பாத்திரம் என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். இந்தச் சொல் உறவைச் சொல்லவில்லை, கதையில் ஒருவர் செய்யும் வேலையைச் சொல்கிறது: முதன்மைப்பாத்திரத்தின் கதையைத் தாங்கி நகர்த்தும் வேலை.

இலங்கை மலையகக் கூத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. மாசியில் காமன் கூத்துக்கு ஆள் சேர்க்கும்போது “ரதி வேஷம் யாரு கட்டுறது?” என்று வேஷத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். பொன்னர், சங்கர் என்ற இரு சகோதரர்களின் கதையான பொன்னர் சங்கர் கூத்தில் தங்காளைப் பாருங்கள். கூத்தின் பெயரில் அவள் இல்லை, காதலியும் இல்லை, தங்கை. ஆனால் களத்தில் மாண்டு கிடக்கும் அண்ணன்மாரை எழுப்புகிறவள் அவள்தான். துணைப்பாத்திரத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

‘ஹீரோயின்’ சினிமாப் பழக்கம். நாயகன் காதலிப்பவள் யாரோ அவளே ஹீரோயின். கொமிக்ஸில் அது செல்லாது. ‘சைட்கிக்’ என்றால் நாயகனோடு சண்டைக்கு இறங்குபவர், 1940 இல் வந்த, பேட்மேனின் கூட்டாளி ராபின் போல. அதற்கு உடன்வீரர் என்று எழுதலாம்.

காலங்களை ஒப்பிடும்போது எந்தத் தொடரின் எந்த இதழ் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் ஒரு தொடரில் துணை, இன்னொன்றில் முதன்மை. 1938 இல் சுப்பர்மேனோடு அறிமுகமான நிருபர் லோயிஸ் துணைப்பாத்திரம். 1958 முதல் 1974 வரை அவள் பெயரிலேயே வந்த இதழில் முதன்மைப்பாத்திரம். ஆனால் அந்த இதழின் கதைகள் பலவும் கல்யாண ஆசையையே சுற்றின. 1954 இல் வந்த அமெரிக்கக் கொமிக்ஸ் ஒழுக்கக் கோவை (கொமிக்ஸ் கோட்), காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பை வலியுறுத்த வேண்டும் என்றது. அந்தக் கட்டுப்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் ‘பிந்திய லோயிஸ் பலவீனமானவள்’ என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

குவென் 1965 இல் வந்து, 1973 இல் ஸ்பைடர்மேன் தொடரின் 121ஆம் இதழில் இறக்கிறாள். பாலத்திலிருந்து விழுபவளை வலை பிடித்து நிறுத்தும் கட்டத்தில், கழுத்தருகே சின்னதாக ‘ஸ்னாப்’ என்று, முறியும் சத்தம் எழுதியிருக்கும். கொன்றது விழுந்த வேகமா, காப்பாற்ற வந்த வலையா என்ற வாதம் அந்த ஒற்றைச் சொல்லில் தொடங்குகிறது. மறுபதிப்பை அல்ல, அந்தப் பக்கத்தையே பார்த்துப் பேசுங்கள்.

அதிகம் தவறுவது பெயரில். பேட்கேர்ள் ஒரு வேஷம். பார்பரா 1967 முதல் அதைக் கட்டினாள், 1999 இல் கசாண்ட்ரா கேனும் 2009 இல் ஸ்டெஃபனி பிரவுனும் கட்டினார்கள். 1988 இல் பேட்மேனின் எதிரி ஜோக்கர் சுட்டதில் பார்பராவின் கால்கள் செயலிழந்தன. அடுத்த ஆண்டே சக்கர நாற்காலியில் இருந்தபடி கணினி வழியே மற்ற வீரர்களுக்குத் தகவல் தரும் ஓரக்கிள் ஆனாள். ஓரக்கிளாக இருந்த காலத்தில்தான் அவள் பாத்திரம் மிகக் கனம் பெற்றது. ‘பேட்கேர்ள்’ என்று மட்டும் எழுதினால் அந்தக் காலம் முழுவதும் ஒப்பீட்டிலிருந்து விழுந்துவிடும்.

எழுதும் முறை: துணைப்பாத்திரம், ப் மிகும். தனித்தமிழில் துணைமாந்தர் எனலாம், ஆனால் அது பன்மை. ஒருவரைச் சொல்லப் பாத்திரமே வசதி. ‘துணைப்பெண்’ வேண்டாம், பழைய குழப்பம் திரும்ப வரும். பெண் துணைப்பாத்திரம் போதும். ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்: மார்வெல் கொமிக்ஸின் கரோல் டான்வர்ஸ், 1968 இல் துணைப்பாத்திரம், 1977 இலிருந்து முதன்மைப்பாத்திரம்.