சாங்ஷன்: ஒப்பளிப்பா, ஒறுப்பா?

வங்கியிலிருந்து போன் வந்து "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்றால் வீட்டில் சந்தோஷம். வடகொரியா மீது ஐ.நா. 'சாங்ஷன்' கொண்டுவந்தது என்றால் கப்பல் நிற்கும், வங்கிக் கணக்கு முடங்கும். ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் அனுமதி, இன்னோரிடத்தில் தண்டனை.

மூலம் லத்தீன். 'சான்கிரே' என்ற வினைக்குப் புனிதமாக்குதல், மீறக்கூடாதது என்று நிலைநிறுத்துதல் என்று பொருள். புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்' என்ற சொல்லும் இதே வேர்தான். ரோமானியர்கள் சட்டம் எழுதும்போது, மீறுகிறவனுக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு 'சான்க்தியோ' என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் சொல் இரண்டாகக் கிளைத்தது. மேலிடம் உறுதிசெய்தது என்ற பக்கத்திலிருந்து 'அனுமதி' வந்தது. மீறினால் தண்டனை என்ற பக்கத்திலிருந்து இன்று செய்தியில் அடிபடும் பொருள் வந்தது.

நாடுகளுக்கு எதிரான நடவடிக்கை என்ற பொருள் பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகு. 1935-இல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் இதைப் பயன்படுத்திப் பார்த்தது. போருக்கு உயிர்நாடியான எண்ணெயைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டே இத்தாலி அபிசீனியாவைப் பிடித்துவிட்டது, நடவடிக்கையையும் விலக்கிக்கொண்டார்கள். ஒரு வேடிக்கை: ஐ.நா. சாசனத்தின் 41-ஆவது பிரிவுதான் இன்றைய நடவடிக்கைகளுக்கெல்லாம் அடிப்படை, ஆனால் அதில் 'சாங்ஷன்' என்ற சொல்லே கிடையாது. 'ஆயுதப் படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகள்' என்றுதான் இருக்கிறது.

தமிழ் இந்த இரட்டைப் பொருளில் சிக்கவில்லை. அனுமதிப் பொருளுக்குத் தமிழக அரசு ஆணைகளில் 'ஒப்பளிப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது: 'நிதி ஒப்பளிப்பு', 'ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள்'. கோப்பு பார்க்கிறவர்களுக்குப் பழக்கம், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தண்டனைப் பொருளுக்குப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட சொல் 'பொருளாதாரத் தடை', சுருக்கமாகத் 'தடை'.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'தடை' என்ற ஒரு சொல்லின் தலையில் நாம் எவ்வளவு சுமை ஏற்றியிருக்கிறோம் பாருங்கள். நீதிமன்றம் தருவது இடைக்காலத் தடை. பழைய 144 என்றால் தடை உத்தரவு. இயக்கத்துக்கும் தடை, பிளாஸ்டிக் பைக்கும் தடை. வடகொரியா பற்றி எழுதும்போது இது உச்சத்துக்குப் போகும்: 'அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகி, தடையை மீறிச் சோதனை நடத்திய நாட்டின் மீது புதிய தடை.' மூன்று தடையும் மூன்று வேறு விஷயம். வாசகர்தான் பிரித்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1985-இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த வடகொரியா, 2003-இல் விலகுவதாக அறிவித்தது. 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுகுண்டுச் சோதனை. ஐந்தே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1718-ஆவது தீர்மானம் வந்தது. கனரக ஆயுதங்களோடு ஆடம்பரப் பொருள்களையும் அந்நாட்டுக்கு விற்கக் கூடாது என்றது அது. மக்களுக்குச் சோற்றுக்கு வழியில்லாதபோது தலைமைக்கு மட்டும் வெளிநாட்டு மதுவும் காரும் போகிறதே என்ற எண்ணம். ஆனால் எது ஆடம்பரம் என்று தீர்மானம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றியபடி பட்டியல் போட்டுக்கொண்டது.

அப்புறம் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சுற்று இறுக்கினார்கள். 2016 நவம்பரில் வந்த 2321-ஆவது தீர்மானம் சிலைகளைக்கூட விடவில்லை. ஆம், சிலைகள்தான். வடகொரியாவின் மான்சுடே நிறுவனம் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பிரம்மாண்டமான சிலைகள் செய்துகொடுத்து அந்நியச் செலாவணி சம்பாதித்துவந்தது. செனகல் தலைநகர் டாக்கரில் நிற்கும் பெரிய நினைவுச்சின்னம் அவர்கள் கட்டியதுதான். 2017-இல் நிலக்கரி, இரும்பு, கடல் உணவு, துணி என ஏற்றுமதி ஒவ்வொன்றாக அடைபட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகக் கூடாது, வெளிநாட்டில் வேலைபார்க்கும் வடகொரியர்களை 24 மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற அளவுக்குப் போனது.

இதில் உண்மையிலேயே வலித்தது எது என்று கேட்டால், நான் ஐ.நா. தீர்மானத்தைச் சொல்ல மாட்டேன். சீனாவைச் சேர்ந்த மக்காவு நகரில் 'பாங்கோ டெல்டா ஆசியா' என்ற சின்ன வங்கி. 2005-இல் அமெரிக்க நிதித்துறை அதன்மேல் பணச்சலவைப் புகார் வைத்தது. வடகொரியாவின் பணம் சுமார் 2.5 கோடி டாலர் அங்கே முடங்கியது. ஒரு நாட்டுக்கு இது சில்லறைதான். ஆனால் நமக்கும் அதே கதி வந்துவிடுமோ என்று மற்ற வங்கிகளும் வடகொரியாவிடமிருந்து விலகின. அணு உலையை மூடும் பேச்சுவார்த்தையே இந்தப் பணத்தில் சிக்கி நின்றது. 2007-இல் பணம் கைக்கு வந்த பிறகுதான் வடகொரியாவின் யோங்பியோன் அணு உலையை மூடினார்கள். இப்படி மூன்றாம் ஆளைப் பயமுறுத்திக் குற்றவாளியை ஒதுக்கவைக்கும் முறைக்கும் நாம் 'தடை' என்றே எழுதுகிறோம். இங்கே தடுத்தவர்கள் யார்? யாரும் வழிமறிக்கவில்லை, எல்லோரும் தாமாகவே ஒதுங்கினார்கள்.

வடகொரியா சும்மா இருக்கவில்லை. நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றியது. 2018-இல் நிலக்கரியோடு இந்தோனேசியாவில் பிடிபட்ட அதன் கப்பலின் பெயர் 'வைஸ் ஆனஸ்ட்', அதாவது அறிவும் நேர்மையும்! 2016-இல் வங்கதேச மத்திய வங்கிக் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் இணையவழியில் களவுபோனது. வடகொரியாவின் கைவரிசை என்கிறது அமெரிக்கா. இது போக, இலங்கைக்குத் திருப்பிய 2 கோடி டாலர் தப்பியது. பெறுபவர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேண்டேஷன்' என்று எழுத்துப்பிழையோடு எழுதியதில் இடையிலிருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்தது என்று செய்தி வந்தது.

ஈழத்தில் 'பொருளாதாரத் தடை' என்றால் வேறு நினைவு. 1990-களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பேட்டரியும் சிமெண்டும் போகாமல் இலங்கை அரசு தடுத்த காலத்தின் பெயர் அது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களும் அந்தச் சொல்லை அகராதி பார்த்துக் கற்கவில்லை. ஓர் அரசு தன் எல்லைக்குள்ளேயே செய்தது என்பதால், பொருளில் அது முற்றுகைக்கு நெருக்கம்.

சரி, எது பொருத்தமான சொல்? என் ஓட்டு 'ஒறுப்பு'க்கு. ஒறுத்தல் என்றால் தண்டித்தல். 'ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்' என்கிறது குறள். கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் இறைச்சியை விடுவதையும் 'ஒறுத்தல்' என்பார்கள். தண்டிப்பது, வேண்டியதைக் கிடைக்காமல் செய்வது இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அது கூட்டுச் சொல்லுக்கும் வளையும்: பொருளாதார ஒறுப்பு, ஒறுப்புப் பட்டியல், ஒறுப்பு விலக்கு. வடகொரியாவில் கிணறு தோண்டப் போகும் தொண்டு நிறுவனம் உலோகக் குழாயை எடுத்துச்செல்ல ஐ.நா. குழுவிடம் கையேந்த வேண்டியிருக்கிறது. அதை 'ஒறுப்பிலிருந்து விலக்கு கேட்டு ஒப்பளிப்பு பெற்றது' என்று எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இங்கே ஒரே சொல் இரண்டு முறை இடிக்கும்.

தலைப்புச் செய்தியில் 'தடை'யை விரட்ட முடியாது, விரட்டவும் வேண்டாம். கட்டுரைக்குள்ளாவது பிரித்து எழுதலாம்: சொத்து முடக்கம், பயணத் தடை, ஏற்றுமதித் தடை, ஆயுத விற்பனைத் தடை ஆகியவை தனித்தனி நடவடிக்கைகள், எல்லாம் சேர்ந்தது ஒறுப்பு. மக்கள் தாமாக வாங்க மறுப்பது புறக்கணிப்பு, கடலில் கப்பலை நிறுத்தி வழியடைப்பது முற்றுகை. இரண்டையும் இதில் கலக்கக் கூடாது.

2024 மார்ச்சில் ரஷ்யா தன் வெட்டுரிமையை (வீட்டோ) பயன்படுத்தியதால், வடகொரிய ஒறுப்புகளைக் கண்காணித்துவந்த ஐ.நா. வல்லுநர் குழு ஏப்ரல் இறுதியோடு கலைந்தது. கலைந்தது குழுதான், தீர்மானங்கள் அப்படியே நடப்பில் உள்ளன. இதைப் பற்றி எழுதும்போது 'தடை நீங்கியது' என்று போட்டுவிட்டால் செய்தியே தப்பு.