திரையில் கோடு விழுந்தால் கார்டில் எங்கே பழுது?

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் சிதறினால், "கார்டு போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்குள் கணக்குப் போடும் கோர் சிப், அதைச் சுற்றி நினைவகச் சிப்புகள், 12 வோல்ட்டைச் சுமார் 1 வோல்ட்டாக இறக்கித் தரும் மின்பகுதி, படத்தைக் கேபிளுக்கு அனுப்பும் பகுதி என்று பல உறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு, திரையில் காட்டும் அடையாளமும் வேறு. அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தால் பழுது எந்த இடத்தில் என்பதைக் கார்டைக் கழற்றும் முன்பே பெருமளவு ஊகித்துவிடலாம். புதுக் கார்டு விற்கும் விலைக்கு இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும்.

படம் திரைக்கு வரும் வழியிலிருந்து தொடங்குவோம். கோர் சிப் வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் முதலில் கார்டின் நினைவகத்தில் போய் உட்காரும். அங்கிருந்துதான் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் வழியாக மானிட்டருக்குப் போகும். நாம் எடுக்கும் ஸ்க்ரீன்ஷாட், படம் கேபிளுக்குப் போகுமுன் நினைவகத்தில் இருப்பதன் நகல். ஆகவே கோடுகள் தெரியும்போது ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் போனில் திறந்து பாருங்கள். அதிலும் கோடுகள் இருந்தால் தப்பு கோர், நினைவகம், டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இவற்றில் ஏதோ ஒன்றில். ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக இருந்து மானிட்டரில் மட்டும் கோடு என்றால் கேபிள், மானிட்டர், கார்டின் வெளியீட்டுப் பகுதி இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். இருநூறு ரூபாய் கேபிளை மாற்றினால் முடியும் வேலைக்குக் கார்டையே விற்றுவிடக் கூடாது.

அடுத்து, கம்ப்யூட்டரை மறுபடி போடும்போது வரும் முதல் திரையைக் கவனியுங்கள். பயாஸ் எனப்படும் அந்தத் திரையில் விண்டோஸும் கிடையாது, விண்டோஸ் டிரைவரும் கிடையாது. அங்கேயே கோடுகளும் சிதைந்த எழுத்துகளும் தெரிந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. ஒரே ஒரு கேமில் மட்டும் வந்தால் முதலில் டிரைவரை டிடியு போன்ற நீக்கும் மென்பொருளால் முழுதாக நீக்கிவிட்டு, புதிதாகப் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

நினைவகக் கோளாறுக்கு ஒரு தனி முகம் உண்டு. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் 8 ஜிபி நினைவகம் 8 சிப்புகளாகப் பிரிந்திருக்கிறது. சிப்புக்கு 32 பிட் அகலப் பாதை, மொத்தம் 256 பிட். எட்டுப் பாதைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் படத்தின் தரவை ஒரே சிப்பில் அடுக்காமல் எட்டுக்கும் மாற்றி மாற்றிப் பிரித்துப் போடுகிறார்கள். அதனால் ஒரு சிப் கெட்டால் திரையின் ஒரு மூலை மட்டும் கெடுவதில்லை. திரை முழுக்க, சீரான இடைவெளியில், கட்டம் போட்டதுபோலப் புள்ளிகளோ கோடுகளோ வரும். அந்தச் சீரான இடைவெளிதான் துப்பு. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் நினைவக வேகத்தைச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். புள்ளிகள் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஓசிசிடி மென்பொருளில் உள்ள நினைவகச் சோதனை, பிழைகள் வருகின்றனவா என்று எண்ணியே சொல்லிவிடும்.

புள்ளி, கோடு எதுவும் இல்லாமல் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் பட்டென்று எல்லாம் நின்றால் கதை வேறு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்ப்யூட்டர் முழுதாக அணைகிறதா, திரை மட்டும் கறுக்கிறதா? முழுதாக அணைந்தால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பெரிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த பொழுதில் தம் வழக்கமான அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் திறனைப்போல 200 சதவீதத்தை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. திரை மட்டும் கறுத்து, கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் இரைந்தால் கார்டுக்கு வரும் மின்சாரத்தையோ கார்டின் மின்பகுதியையோ பார்க்க வேண்டும்.

மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 8 பின் கேபிள் ஒன்று 150 வாட். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலையை இரண்டு இடத்தில் செருகாமல் தனித்தனிக் கேபிள் போட்டுப் பாருங்கள். 16 பின் இணைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். அதை 12 வோல்ட்டைக் கொண்டுவரும் 6 பின்கள் பங்குபோட்டால் பின்னுக்கு 8 ஆம்பியருக்கும் மேல். கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் தொடும் பரப்பு குறைந்து, மின்தடை ஏறி, பிளாஸ்டிக் உருகக்கூடும். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இப்படி உருகியது பெரிய செய்தியானது. இணைப்பு சரியாக உள்ளே போகாததே பல நிகழ்வுகளில் காரணம் என்றது என்விடியா. அடுத்த ஆண்டே அந்த இணைப்பின் வடிவத்தைத் திருத்தினார்கள்.

சூட்டைப் பொறுத்தவரை கோர் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. பல கார்டுகளில் பக்கத்திலேயே ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டுக்கும் 10 முதல் 20 டிகிரி வரை வித்தியாசம் இயல்பு. 30-ஐத் தாண்டினால் கோருக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் ஓரங்களுக்கு ஒதுங்கி நடுவில் காய்ந்திருக்கக் கூடும். பேஸ்ட் மாற்றும்போது நினைவகச் சிப்புகளின் மேலிருக்கும் தெர்மல் பேடை (சூட்டைக் கடத்தும் மெத்தை) கிழித்துவிட்டு, கடையில் கிடைத்த தடிமனான பேடை ஒட்டிவிடாதீர்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு கோரைத் தொடாமல் போகும்.

இனி, இணையத்தில் அடிக்கடி சொல்லப்படும் அடுப்பு வைத்தியம். கார்டை 200 டிகிரி அடுப்பில் பத்து நிமிடம் வைத்தால் பிழைத்துவிடும் என்கிறார்கள். சில கார்டுகள் பிழைத்தும் இருக்கின்றன, சில வாரங்களுக்கு. ஏன் என்று புரிய கோர் சிப்பின் அடியில் பார்க்க வேண்டும். சிலிக்கன் துண்டு நேராகக் கார்டின் சர்க்யூட் பலகையில் ஒட்டப்படுவதில்லை. அது சால்டர் எனும் பற்றவைக்கும் உலோகத்தாலான நுண்ணிய குமிழ்களின் மேல், ஒரு சிறு அடித்தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தகடு, அந்தக் குமிழ்களைவிடப் பெரிய சால்டர் குண்டுகளின் மேல் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. சூடேறும்போது அடித்தகடு சிலிக்கனைப்போல ஐந்து மடங்கு விரியும். 20 மில்லிமீட்டர் அகலச் சிப் 50 டிகிரி சூடேறினால், தடையில்லாமல் விரியவிட்டால் இரண்டுக்கும் 12 மைக்ரான் வித்தியாசம் வரும். ஒரு குமிழின் அகலமே ஏறத்தாழ 100 மைக்ரான்தான். ஒவ்வொரு முறை கேம் ஆரம்பித்து முடிக்கும்போதும் குமிழ்கள் இழுபட்டுத் தளர்கின்றன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவதுபோல ஒருநாள் வெடிப்பு விழுகிறது. அதைத் தடுக்கக் குமிழ்களுக்கு நடுவே ஒரு பசையை நிரப்புவார்கள். 2008 ஜூலையில், தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் சிப்பை அடித்தகட்டோடு சேர்த்துக் கட்டும் பொருள்கள் பலவீனமாக இருந்ததாக என்விடியா அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

ஈயமில்லாச் சால்டர் உருகச் சுமார் 217 டிகிரி வேண்டும். ஈயம் மிகுந்த குமிழ்களுக்கு 300-க்கு மேல். 200 டிகிரி அடுப்பில் இவை எதுவும் உருகாது. எல்லாம் விரிந்து சுருங்குவதில் வெடித்த முனைகள் மறுபடி உரசிக்கொள்கின்றன, அவ்வளவே. கூடவே கெப்பாசிட்டர்களும் பிளாஸ்டிக் பாகங்களும் கெடுகின்றன, சமைக்கும் அடுப்பில் நச்சுப் புகையும் படிகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடையில் சொல்லும் ரீபாலும் பெரும்பாலும் அடித்தகட்டுக்குக் கீழே உள்ள பெரிய குண்டுகளைத்தான் மாற்றுகிறது. உள்ளே இருக்கும் குமிழ்களை யாரும் தொடுவதில்லை. நினைவகச் சிப் பழுது என்றால் நிலைமை நல்லது: அந்த ஒன்றை மட்டும் எடுத்து வேறு வைத்தால் கார்டு நன்றாகவே ஓடும். வாரண்டி இருந்தால் அதில் கொடுங்கள். இல்லையென்றால் நண்பரின் கம்ப்யூட்டரில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு, கோடுகள் பயாஸிலும் ஸ்க்ரீன்ஷாட்டிலும் வந்தனவா என்பதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். எந்தச் சிப்பை மாற்றப்போகிறார் என்றும் கேளுங்கள். "சும்மா ஹீட் கொடுத்தால் சரியாயிடும்" என்று பதில் வந்தால் கார்டை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.