காயம் இல்லாவிட்டால் அடிக்கவில்லை என்று அர்த்தமா?

நீலகிரி மலையில் கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிய அடி பற்றிப் பேச வருகிறவர்கள் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் வருகிறார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்றால் ஒரே பதில்: "உடம்புல காயம் ஒண்ணும் இல்லைங்களே, யார் நம்புவாங்க?" இந்த ஒரு நினைப்பால் வீணாய்ப்போன வழக்குகள் போதும்.

உள்ளங்காலில் லத்தியால் அடித்தால் வீக்கம் சில நாளில் வடிந்துவிடும், வலி மாதக்கணக்கில் நிற்கும். கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டால் தோள் நரம்பு கெடும், தோலில் கீறல்கூட இருக்காது. கறுத்த தோலில் கன்றல் சட்டென்று தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட மேலே வரும். தூங்கவிடாமல் வைத்திருந்ததற்குத் தழும்பே கிடையாது, அதுவும் சித்திரவதைதான். தடயம் இல்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது சித்திரவதையை எப்படி ஆராய்ந்து பதிவு செய்வது என்று சொல்லும் ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை. அரசு மருத்துவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பரிசோதிக்கும்போது போலீஸ்காரரை அறைக்கு வெளியே நிறுத்துங்கள். அவர் பக்கத்தில் நின்றால் எந்தப் பணியர் பழங்குடி, எந்த எஸ்டேட் தொழிலாளி உண்மையைச் சொல்வார்?

மலையில் இன்னொரு சிக்கல். ஸ்வெட்டர், மப்ளரோடு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் மாஜிஸ்திரேட் கண்ணுக்கு முகம் மட்டும்தான் தெரியும். கழற்றிக் காட்டுங்கள். எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, பதிவு செய்யக் கேளுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டும். வனத்துறை பிடித்தாலும் இதே கணக்கு.

கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 53-ஆம் பிரிவின்படி கட்டாயம். அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரவேண்டும். விசாரணை என்று கூட்டிப்போய் வழக்கில்லாமல் விட்டுவிட்டால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் காயத்தையும் காரணத்தையும் எழுதும் பதிவு) போடச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வரியே வழக்கை முடித்துவிடும். மூன்றாம் நாள் மறுபடி காட்டுங்கள்.

அரசின் யோக்கியதையைப் பாருங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் இந்தியா கையெழுத்துப் போட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையோடு புது வரைவையே எழுதிக் கொடுத்தும் அசையவில்லை. ஜூன் 26 சித்திரவதைக்கு ஆளானோருக்கான ஐ.நா. தினம், 2025-இல் அதற்கு இரண்டே நாள் கழித்து மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் பிடியில் செத்தார். செத்தால் வீட்டுக்கு நிவாரணக் காசோலை போகிறது. உயிரோடு திரும்பி வருகிறவருக்கு மனநல சிகிச்சையும் பிசியோதெரபியும் உரிமையாகக் கிடைக்கத் தனிச் சட்டம் கிடையாது. அதே உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு கேட்பது அதைத்தான்.

ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி உட்காராமல், தேதியும் நேரமும் போட்டு, பதிவை அழிக்கக் கூடாது என்று எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு போயாக வேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி அது.