ஹாக்லரின் 160 பவுண்டும் கோலோவ்கினின் 160 பவுண்டும்

"கோலோவ்கினும் மார்வின் ஹாக்லரும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருவரும் வெவ்வேறு காலத்தில் மிடில்வெயிட் என்ற எடைப்பிரிவில் பட்டம் வைத்திருந்த குத்துச்சண்டை வீரர்கள்.

மிடில்வெயிட் பட்டத்தைக் கோலோவ்கின் தொடர்ந்து 20 முறை தக்கவைத்தார். ஹாக்லர் 12 முறை, அவருக்கு முன் கார்லோஸ் மான்சோன் 14 முறை. இந்த எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஹாக்லர் பட்டம் வென்ற 1980ல் பட்டப்போட்டிக்கு 15 சுற்றுகள், கோலோவ்கினுக்கு 12தான். அது பலருக்கும் தெரியும். எல்லாருக்கும் பொதுவானது என்று நாம் நினைக்கும் 160 பவுண்டு, அதாவது 72.57 கிலோ எடை வரம்பும் ஒன்றாக இல்லை என்பதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அப்போதெல்லாம் காலையில் எடை பார்ப்பார்கள், இரவு சண்டை. 1980களில் எடை பார்ப்பது முந்தைய நாளுக்குப் போனது. அதனால் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றி வரம்புக்குள் வந்துவிட்டு, சண்டை தொடங்கும் முன் அதைத் திரும்ப நிரப்ப முடிகிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் தசையில் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு கரையும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் போகும். மீதி வியர்வையாக வெளியேறும். ஆனால் வியர்க்க வியர்க்க இரத்தத்தின் அளவு குறைந்து, நாடித்துடிப்பு ஏறும். அந்த நிலையில் அன்றிரவே 15 சுற்று தாங்குவது மிகக் கடினம்.

சரி, போன தண்ணீர் எப்படித் திரும்பி வருகிறது? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிறுகுடல் செல்களின் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸும் வந்து பொருந்தினால் அது வடிவம் மாறி, அவற்றைச் செல்லுக்குள் விடுகிறது. செல்லின் மறுபக்கத்தில் உள்ள பம்ப் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றுவதால் உள்ளே சோடியம் எப்போதும் குறைவு. அந்தப் பள்ளத்தை நோக்கி இறங்கும் சோடியம் குளுக்கோஸையும் கையோடு கூட்டிவருகிறது. இரண்டும் உள்ளே போனதும் தண்ணீர் பின்தொடர்கிறது. வெறும் தண்ணீரைவிட உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வேகமாக உடம்பில் சேர்வது இதனால்தான். வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ராபர்ட் கிரேன் 1960ல் இந்தச் சோடியம்–குளுக்கோஸ் இணைப்பை முன்வைத்தார். 1971ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். உடனடிப் பயன் என்ன என்று கேட்டே அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபடி வளையத்துக்கு வருவோம். பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப். (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) அமைப்புக்கு ஒரு விதி இருந்தது: சண்டை நாள் காலையில் மறுபடி எடை பார்க்க வேண்டும், 170 பவுண்டைத் தாண்டக் கூடாது. 2017 மார்ச்சில் கோலோவ்கினோடு மோதிய டேனியல் ஜேக்கப்ஸ் அந்தச் சோதனைக்கே வரவில்லை. அந்தப் பட்டத்தை வெல்லும் வாய்ப்பை இழந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தார். கோலோவ்கின் தொடர்ந்து 23 பேரை நாக்அவுட் செய்திருந்தார். அந்த வரிசை அன்று முறிந்தது. 12 சுற்றும் போய், புள்ளிகளில்தான் ஜெயித்தார்.

ஆகவே என் கணிப்பு இது. ஹாக்லர் கால விதிப்படி, காலையில் எடை பார்த்து 15 சுற்று ஆடினால், கடைசி மூன்று சுற்றுகளில் ஹாக்லர் முந்துவார். முந்தைய நாள் எடை, 12 சுற்று என்றால் கோலோவ்கின் பக்கம் சாய்வேன். அவர் அந்த விதியில் வளர்ந்தவர், தன்னைவிடக் கனமாகத் திரும்பி வந்தவர்களோடும் மோதிப் பழகியவர்.