அது பொய் எச்சரிக்கை இல்லை, மிகை எச்சரிக்கை

விமானங்கள் வானில் மோதிக்கொள்ளாமல் காக்கும் டிகாஸ் கருவியைப் பற்றி எழுதுபவர்கள் ‘நியூசன்ஸ் அலர்ட்’ என்பதைப் ‘பொய் எச்சரிக்கை’ என்றே எழுதிவருகிறார்கள். இதற்கு மேலும் பொறுக்க முடியவில்லை.

நியூசன்ஸின் வேர் லத்தீன் ‘நொசேரே’, தீங்கு செய்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தீங்கு தேய்ந்து தொந்தரவு ஆயிற்று. பொய்க்கு அங்கே இடமே இல்லை.

சரி, வானில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு விமானம் 10,000 அடியில் போகிறது. கீழிருந்து இன்னொன்று விரைவாக ஏறுகிறது. 9,000 அடியில் நிற்கும்படி அதற்கு உத்தரவு. விமானி அங்கே நிறுத்தத்தான் போகிறார், ஆனால் டிகாஸுக்கு அது தெரியாது. நெருங்கும் வேகத்தை வைத்து, சந்திக்க எத்தனை நொடி என்று கணக்கிட்டுக் குரல் கொடுக்கிறது. இதுதான் நியூசன்ஸ் அலர்ட். விமானம் இருப்பது உண்மை, நெருங்குவதும் உண்மை, கணக்கும் சரி. இதில் எது பொய்? இல்லாத விமானத்தை இருப்பதாகக் காட்டினால்தான் பொய் எச்சரிக்கை. அதற்கு ‘ஃபால்ஸ் அலர்ட்’ என்று தனிப்பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறவர் மூலத்தைப் புரிந்துகொள்ளாமலே மொழிபெயர்க்கிறார்.

‘தொல்லை எச்சரிக்கை’ என்பாரும் உண்டு. சட்டத் தமிழில் ‘பொதுத்தொல்லை’ நிலைத்த சொல்தான். ஆனால் புயல் எச்சரிக்கை என்றால் புயல் வருகிறது என்று பொருள். அப்படியானால் தொல்லை எச்சரிக்கை? தொல்லை வருகிறது என்றல்லவா ஆகும்!

‘வீண் எச்சரிக்கை’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனாலும் வேண்டாம். வீண் என்றதும் பொருட்படுத்தாமல் விடலாம் என்று மனம் சொல்லும். ஏறு, இறங்கு என்று டிகாஸ் கட்டளையிட்டால், அது தேவையற்றது என்று தோன்றினாலும் விமானி கீழ்ப்படிய வேண்டும். 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் ஊபர்லிங்கன் அருகே, ஒரு விமானத்தின் கருவி ஏறச் சொன்னது, தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் இறங்கினார்கள். இன்னொரு விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தார்கள்.

எனவே ‘மிகை எச்சரிக்கை’. கருவி பொய் சொல்லவில்லை, பழுதாகவும் இல்லை. வேண்டியதற்கு மேல் எச்சரிக்கிறது, அவ்வளவுதான். சொல் பழையது, யாருக்கும் புரியும். விமானிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையில் வைத்துப் பாருங்கள்: ‘நிற்க வேண்டிய உயரத்துக்கு முந்தைய கடைசி 1,000 அடியில் ஏறுவேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்தால் மிகை எச்சரிக்கை குறையும்.’ அதே இடத்தில் ‘பொய் எச்சரிக்கை’ என்று போட்டால், விமானி ஏறுவேகத்தை ஏன் குறைக்க வேண்டும், கருவியைப் பழுதுபார்த்தால் போதாதா என்றுதான் படிப்பவர் கேட்பார்.