பாம்பெர்க் பியருக்குப் புகை வாசம் எப்படி வந்தது?

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில், ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகரமன்றத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஷ்லெங்கெர்லா மதுக்கூடம். மரப்பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் பியர் கரும்பழுப்பாக இருக்கும். குவளையை மூக்கருகே கொண்டுபோனதும் புகையிட்ட இறைச்சியின் வாசம் குப்பென்று அடிக்கும். இதுதான் ராவ்பியர், அதாவது புகை பியர்.

அந்தப் புகையை யாரும் பியருக்குள் ஊதுவதில்லை. தானியமாக இருக்கும்போதே அது ஏறிவிடுகிறது. பார்லியை ஊறவைத்து முளைகட்டும்போது விதைக்குள் அமைலேஸ் போன்ற நொதிகள் பெருகுகின்றன. பிறகு வெந்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கப்போவது இவைதான். ஆனால் முளையை வளரவிட்டால் அந்த மாவுச்சத்தை அதுவே தின்று தீர்த்துவிடும். பதம் பார்த்து உலர்த்தி நிறுத்த வேண்டும். இப்படி முளைகட்டி உலர்த்திய தானியம்தான் மால்ட். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இதற்குப் புகையில்லாத வெப்பக்காற்றைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே பீச் (beech) மர விறகை எரித்து, அதன் புகையையே ஈரப் பார்லியின் ஊடே செலுத்துகிறார்கள்.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நெருப்பில் சிதைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற பீனால் சேர்மங்களாகிறது. இவை தானியத்தில் படிந்து, காய்ச்சிய பிறகும் பியரில் தங்குகின்றன. புகையிட்ட பன்றித்தொடைக்கு மணம் தருவதும் இதே சேர்மங்கள்தான். மூக்கு இறைச்சியை நினைப்பதில் தவறே இல்லை.

விறகில் மால்ட்டை உலர்த்திய காலத்தில் பல ஊர்களின் பியரிலும் இந்த வாசம் இருந்தது. புகை படாத உலர்த்திகள் வந்ததும் மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். பாம்பெர்கில் ஷ்லெங்கெர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு பியர் ஆலைகள் மாறவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மனதாரப் போற்றுகிறேன். ஒரு பழைய சுவை இன்றும் குடிக்கக் கிடைப்பது அதனால்தான்.

முதல் வாயிலேயே முகம் சுளித்துக் குவளையை வைத்துவிடாதீர்கள். ஒரே வாசம் தொடர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். புகை பின்வாங்க, மால்ட்டின் இனிப்பு மேலே வரும். கூடவே, இறைச்சி அடைத்துச் சமைத்த பாம்பெர்க் வெங்காயத்தையும் கேட்டு வாங்குங்கள். அதன் குழம்பிலும் ராவ்பியர் உண்டு.

ஷ்லெங்கெர்லாவில் ஹெல்லெஸ் என்று வெளிர்நிற பியர் ஒன்றும் உண்டு. அதில் புகையிட்ட மால்ட் சேர்ப்பதில்லை. ஆனாலும் லேசாகப் புகை மணக்கும். ராவ்பியர் காய்ச்சிய அதே செப்புக் கொப்பரையில் காய்ச்சி, ராவ்பியரை நொதிக்கவைத்த அதே ஈஸ்ட்டை அதிலும் இடுகிறார்கள்.