அட்வான்டேஜ் வேறு, பெனிஃபிட் வேறு: ஒருபொருள் சொற்கள் பிரிந்து போவது எப்படி?

டென்னிஸில் ஆட்டம் 40-40 என்று நின்றால் அது டியூஸ். அடுத்த புள்ளியை எடுத்தவர் பெயரோடு சேர்த்து ‘அட்வான்டேஜ்’ என்று நடுவர் அறிவிப்பார். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கேட்கிறார்கள், பந்து ஸ்டம்பில் படுமா என்று அம்பயருக்குச் சந்தேகம், பேட்ஸ்மேன் தப்பித்துவிடுவார். அதற்குப் பெயர் ‘பெனிஃபிட் ஆஃப் த டவுட்’. அகராதியைப் புரட்டினால் இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று பொருளாகவே போட்டிருக்கும். ஆனால் டென்னிஸ் நடுவர் ‘பெனிஃபிட்’ என்று அறிவித்தால் ஒருவருக்கும் புரியாது. ஒரே பொருள் என்றால் ஏன் இடம் மாற்றிப் போட முடியவில்லை?

அட்வான்டேஜ் என்ற சொல்லுக்குள் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். யாரையாவது விட நாம் ஒரு படி முன்னால் நிற்பதுதான் அட்வான்டேஜ். அதனால்தான் அதன் பின்னால் ‘ஓவர்’ வந்து உட்காருகிறது. ‘அட்வான்டேஜ் ஓவர் ஹிம்’ என்பார்கள். சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்குக் கிடைப்பது ஹோம் அட்வான்டேஜ். பெனிஃபிட்டுக்கு எதிராளி தேவையில்லை, பெறுகிறவர் இருந்தால் போதும். நடைப்பயிற்சியால் உடம்புக்குக் கிடைப்பது பெனிஃபிட். யாரையும் முந்துவதற்காக நாம் நடப்பதில்லை. இங்கிலாந்தின் கவுன்டி கிரிக்கெட்டில் நெடுநாள் ஆடிய வீரருக்குப் பணம் திரட்டித் தருவதற்காக நடத்தும் ஆட்டத்துக்கும் பெனிஃபிட் மேட்ச் என்றுதான் பெயர். சரி, பள்ளிக் கட்டுரையில் ‘ரயில் பயணத்தின் அட்வான்டேஜ்கள்’ என்று எழுதுகிறோமே? அங்கேயும் பேருந்து மனதில் இருக்கிறது. சொல்லாவிட்டாலும் ஒப்பீடு உண்டு.

இந்த வேறுபாட்டின் சாயல் வேரிலேயே தெரிகிறது. அட்வான்டேஜ் வந்தது பழைய பிரெஞ்சின் ‘அவான்தாஜ்’ என்ற சொல்லிலிருந்து. ‘அவான்’ என்றால் முன்னால். இடையிலிருக்கும் ‘ட்’ பிற்பாடு நுழைந்தது. லத்தீனின் ‘அட்’ என்ற முன்னொட்டுதான் இதில் இருக்கிறது என்று தவறாக எண்ணிய படித்தவர்கள் செருகிய எழுத்து அது. பிரெஞ்சுக்காரர்கள் செருகவில்லை. பாரிஸில் ரோலான் காரோஸ் (பிரெஞ்ச் ஓப்பன்) டென்னிஸ் போட்டியைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் ‘அவான்தாஜ்’ என்றுதான் நடுவர் சொல்வார். பெனிஃபிட்டின் வேர் லத்தீன். நல்லது செய்தல் என்று பொருள். ஒன்று முந்துவதைச் சொன்னது, மற்றது பெற்ற நன்மையைச் சொன்னது. ஆனால் வேரை மட்டும் நம்பிப் பொருள் சொல்லிவிட முடியாது. அசெட் என்ற சொல்லின் வேருக்கு ‘போதுமான அளவு’ என்று பொருள். கடனை அடைக்கப் போதுமான சொத்து என்ற சட்டப் பேச்சிலிருந்து கிளம்பி இன்று ‘அவர் எங்கள் அணிக்கு ஒரு அசெட்’ என்பது வரை வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இப்படி ஒரே பொருளைச் சுற்றி இத்தனை சொற்கள் குவிந்ததற்கு வரலாறும் காரணம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. ஆங்கிலத்துக்கே உரிய ‘பிஹூஃப்’ என்ற சொல் நன்மை, பயன் என்ற பொருளில் ஏற்கெனவே இருந்தது. புதுச் சொற்கள் வந்ததும் அது ஒதுங்கி, கடைசியில் சட்டப் பத்திரங்களில் ‘யூஸ், பெனிஃபிட் அண்ட் பிஹூஃப்’ என்ற தொடருக்குள் தஞ்சம் புகுந்தது. கூர்முனையைக் குறித்த ‘எட்ஜ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் பிழைத்துக்கொண்டது, நூலிழை முன்னிலை என்ற புது வேலை அதற்குக் கிடைத்ததால். வேலையோடு ஒட்டி வரும் சலுகைக்கு ‘பெர்க்’ என்கிறார்கள். அது ‘பெர்க்விசிட்’ என்பதன் சுருக்கம். சம்பளக்காரர்கள் வருமான வரிக்கான ஃபார்ம் 16-இல் முழுச்சொல்லையும் பார்த்திருப்பார்கள்.

இரண்டு சொற்கள் ஒரே பொருளோடு மொழிக்குள் இருந்தால் ஒன்று ஒதுங்கும், அல்லது இரண்டும் வேலையைப் பிரித்துக்கொள்ளும். 1897-இல் பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயால் இதைப் பங்கீட்டு விதி என்றார். இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, பேசுகிறவர்களின் மனமே செய்கிறது. அந்த மனப்போக்கு சிறு வயதிலேயே தெரிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி. மூன்று வயதுக் குழந்தைக்கு முன்னால் பெயர் தெரிந்த ஒரு பொருளையும் பெயர் தெரியாத ஒரு பொருளையும் வைத்து, கேள்விப்படாத ஒரு சொல்லைச் சொல்லி எடுக்கச் சொன்னால், குழந்தை பெரும்பாலும் பெயர் தெரியாததைத்தான் எடுக்கும். உளவியலாளர் எலன் மார்க்மனும் உடன் ஆய்வாளரும் 1988-இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். வேறு சொல் என்றால் வேறு பொருள் என்பது குழந்தையின் ஊகம். பெரியவர்களும் அப்படித்தான்: ஒருவர் வழக்கமான சொல்லை விட்டு இன்னொன்றைச் சொன்னால் ‘ஏதோ காரணம் இருக்கும்’ என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த எதிர்பார்ப்பு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து சொற்களைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது.

அப்படியானால் ஒருபொருள் சொற்களின் பட்டியல் எதற்கு? நினைவுபடுத்த. நம்முடைய பழைய நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் மனப்பாடத்துக்கு ஏற்றபடி நூற்பாவாக இருந்தன. பீட்டர் மார்க் ரோஜெ 1852-இல் வெளியிட்ட ஆங்கிலத் தெசாரஸ் கருத்து வாரியாகச் சொற்களைத் தொகுத்தது. ஆனால் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பதைப் பட்டியல் சொல்லாது. அதற்கு ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957-இல் ஒரு வழி காட்டினார்: ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம். ‘அன்ஃபேர்’ போய்ச் சேர்வது அட்வான்டேஜோடு, ‘ஹெல்த்’ போய்ச் சேர்வது பெனிஃபிட்டோடு. இன்றைக்கு பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் போன்ற 10 கோடிச் சொல் தொகுப்புகளில் இதை எண்ணியே பார்க்கலாம்.

கணினிக்குச் சொற்பொருள் கற்பிக்கும் முறைகளும் இதே கருத்தில் எழுந்தவைதான். 2013-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்ட்2வெக் என்ற கணினி முறை, எந்தச் சொல்லைச் சுற்றி எவை வருகின்றன என்பதைக் கற்று, ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக மாற்றியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டாளிகளை மட்டும் பார்த்தால் எதிர்ச்சொற்களும் நெருங்கி வந்துவிடும். அட்வான்டேஜ் வரும் இடத்தில் டிஸ்அட்வான்டேஜும் இயல்பாகப் பொருந்துகிறதே!

ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு அடிக்கடி சறுக்கும் இடம் ‘டேக் அட்வான்டேஜ் ஆஃப்’. தள்ளுபடி, நல்ல வானிலை, இலவசப் பயிற்சி என்று ஒரு வாய்ப்பு பின்னால் வந்தால் அது பயன்படுத்திக்கொள்வது, தவறே இல்லை. ஆள் வந்தால் சுரண்டுவது. ஒருவருடைய நல்ல மனசு வந்தாலும் அப்படித்தான். ‘எங்கள் மேலாளரை டேக் அட்வான்டேஜ் செய்து நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்கிற பொருளில் எழுதினால், நன்றி சொல்ல நினைத்தது அவரை ஏமாற்றிய கதையாகப் படிக்கப்படும். அங்கே ‘பெனிஃபிட்டட் ஃப்ரம் ஹிஸ் கைடன்ஸ்’ என்று எழுத வேண்டும்.